வீட்டுக்கு ஒரு முதுகு

மணல்வாய் ஊர்க்காரர்கள் சாவையும் வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள் என்று மேற்கத்தி ஊர்களில் வாய்கூசாமல் பேசுவார்கள், பேசி முடித்த கையோடு அதே மணல்வாய்ச் சந்தைக்கு வந்து பட்டும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு போவார்கள். வாங்குகிறவனுக்கு என்ன வந்தது? கற்பூரம் யார் முதுகில் வந்தது என்று மோந்து பார்த்தா தெரியும்? ஆகவே மணல்வாய்க்காரர்களைத் திட்டுவதற்காக நான் இந்தக் கதையைச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டுவதென்றால் அவர்களுக்கு முன்னால் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த ஊருக்கு மேற்கே உப்பளம், கிழக்கே வெக்கைக்காடு. காடு என்று பெயரே தவிர அதில் மரமும் இல்லை, புல்லும் இல்லை, மணலும் வெயிலில் பொரிந்த கல்லும் அவற்றின் மேல் பகலெல்லாம் ஊளையிடும் காற்றும்தான் உண்டு. அதைக் கடந்து போனால் கீழ்வான நாடு. கீழ்வான நாட்டில் பேரரசர் தூங்கும்போது பறவைகளெல்லாம் சத்தம் போடாமல் தரையில் நடக்கும் என்றும், அங்கே கூரைகளை மீன்செதிலால் வேய்வார்கள் என்றும், அங்குள்ளவர்களுக்கு உப்பு என்றால் உயிர் என்றும் மணல்வாயில் சொல்வார்கள், ஆனால் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த நாட்டுக்குள் கால் வைத்ததில்லை. வெக்கைக்காடு முடிகிற இடத்தில் ஒரு மதில், மதிலில் ஒரு சன்னல், சன்னலில் கையுறை மாட்டிய கைகள். அந்தக் கைகள் உப்பை வாங்கிக்கொண்டு பட்டும் கற்பூரமும் கொடுக்கும், சன்னல் மூடிக்கொள்ளும். மணல்வாய்க்காரர்கள் கண்ட பேரரசு அவ்வளவுதான்.

மாடு அந்தக் காட்டில் குளம்பு வெடித்துச் செத்தது, ஒட்டகம் பாதி வழியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது, ஆகவே மனிதர்கள் சுமந்தார்கள். முன்னால் முதுகுச் சுமையோடு மணியடித்துக்கொண்டு ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராகச் சுமைகாரர்கள். இந்த வரிசைக்குச் சாத்து என்று பெயர். ஒவ்வொருவன் முதுகிலும் ஒரு மரச்சட்டம், சட்டத்தில் உப்பு மூட்டை. வெயிலில் புத்தி கலங்கிச் சுமையைக் கழற்றி எறிந்துவிட்டு, மணலில் உருண்டு சிரித்தபடி செத்துப்போனவர்கள் முற்காலத்தில் பலர் இருந்ததால், சுமக்கிறவன் தானாகக் கழற்ற முடியாதபடி அவன் வீட்டுப் பெண் கயிற்றை முதுகுப் பக்கம் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிடுவாள். அது வீட்டு முடிச்சு. மதில் சன்னலில் மூட்டைதான் மாறும், சட்டம் மாறாது. அதோடேயே அவன் ஒருக்களித்துப் படுப்பான், அதோடேயே எழுந்து நடப்பான், ஊர் திரும்பியதும் வாசலில் மனைவிக்கோ தாய்க்கோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், அவள் அவிழ்ப்பாள், அதன் பிறகுதான் தண்ணீர் குடிப்பான். முடிச்சு வீட்டுக்கு வீடு வேறு. போட்ட கைதான் அவிழ்க்க முடியும், வேறு கை தொட்டால் கயிறு கல்லாக இறுகிவிடும் என்று சொன்னார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் ஓய்வு இருக்கவில்லை.

ஒரு கோடை முடிவில் சாத்து திரும்பி வந்தபோது வரிசையில் ஒச்சன் செத்து வந்தான்.

மற்றவர்களைப் போலவேதான் நடந்து வந்தான். முகம் காய்ந்து எலும்போடு ஒட்டியிருந்தது, திறந்த கண்ணுக்குள் மணல் இருந்தது, ஈ உட்கார்ந்தால் விரட்டவில்லை. சுமை கொஞ்சமும் சாயவில்லை. சந்தை முனையில் நின்றிருந்தவர்கள் மணிக்காரர் கருக்கனிடம் என்ன சங்கதி என்று கேட்டார்கள்.

"போகும்போதே சுருண்டு விழுந்துட்டான். மூச்சு இல்ல. மணலள்ளிப் போட்டு மூடிட்டுத்தான் நடந்தோம்," என்றார் கருக்கன், காலிலிருந்து கல்சில்லைப் பிடுங்கிக்கொண்டே. "சாயங்காலம் திரும்பிப் பாத்தா வரிசையில கடைசியா வந்துகிட்டிருக்கான். சொமை கட்டியிருக்குல்ல, அதான்."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சுமை கட்டியிருக்கிறது, வீட்டில் அவிழ்க்க ஆள் இருக்கிறது, பிறகு அவன் வராமல் என்ன செய்வான்? ஒச்சன் தன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி நீலாயி அவன் முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள், முந்தானையால் கண்ணிலிருந்த மணலைத் துடைத்தாள், பிறகு பின்னால் போய் முடிச்சை அவிழ்த்தாள். சட்டம் இறங்கியதும் ஒச்சன் வேலை முடிந்தவன் படுப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தான், அதற்குப் பிறகு அசையவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் சந்தையில் உட்கார்ந்து விவாதித்ததெல்லாம், செத்தவன் சுமந்த சரக்குக்குத் தீட்டு உண்டா இல்லையா என்பதைத்தான். சாத்துத் தலைவர் ஆவுடையார் பட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, பட்டுக்கு எந்தக் காலத்திலும் தீட்டு கிடையாது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆவுடையார் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசமாட்டார், எதிரே வருகிற கிழவிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார், ஊருக்குக் குடிநீர் தருகிற ஒரே குளத்தின் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வீடு பானை நிறைகிறதா என்று தாமே வந்து பார்ப்பார். ஆனால் அன்றைக்கு எல்லோரும் ஒச்சனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் ஒச்சனின் தண்ணீர்ப் பையைப் பார்த்தார். பை தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. வெக்கைக்காட்டில் சுமைகாரன் சுமப்பதில் பாதி அவன் குடிக்கிற தண்ணீர்; செத்தவனுக்கு அது வேண்டாம்.

அடுத்த சாத்தில் இன்னும் சிலர் செத்து வந்தார்கள். அவர்கள் வாசலில் போய் நிற்பதற்குள் ஆவுடையார் அந்தந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

"அவசரப்பட்டு அவிழ்த்துடாதே தாயி," என்றார் ஒவ்வொரு வீட்டிலும். "அவிழ்த்தா படுத்துருவான். நிக்கிறவனை நாமளே ஏன் படுக்க வைக்கணும்? வந்து போயிட்டு இருக்கட்டும். உன் வீட்டுப் பானைக்கு நான் பொறுப்பு."

பானைக்காக மட்டும் அந்தப் பெண்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது அநியாயம். வாசலில் நிற்கிறவனைப் புதைக்க மனசு வேண்டும். அவன் பேசாவிட்டால் என்ன, உயிரோடு இருந்தபோது மட்டும் வாய் ஓயாமல் பேசினானா? இப்படித்தான் ஆரம்பித்தது. செத்தவர்கள் சாத்தோடு போனார்கள், சாத்தோடு வந்தார்கள், வந்தால் அடுத்த மணிச்சத்தம் கேட்கும்வரை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் அவர்களுடைய வெடித்த முகத்தில் எண்ணெய் தடவினார்கள், காதுக்குள் புகுந்த மணலைக் கோழியிறகால் எடுத்தார்கள், நின்ற மேனிக்கே வேட்டி மாற்றினார்கள், மகளுக்குக் கல்யாணம் என்றால் மணப்பந்தலை அப்பன் நிற்கிற இடத்தைச் சுற்றிப் போட்டார்கள், குழந்தைகள் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டு கண்ணாமூச்சி ஆடின. என் புருஷன் இப்போதுதான் குடியை விட்டிருக்கிறான் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டுத் தெருவே சிரித்தது, சொன்னவளும் சிரித்தாள், பிறகு உள்ளே போய் அழுதாள்.

போகப்போக விதிகளும் பிடிபட்டன. மருமகள் போட்ட முடிச்சை மாமியார் அவிழ்க்கப் பார்த்து நகம் பெயர்ந்ததில், போட்ட கைதான் அவிழ்க்க முடியும் என்பது உண்மைதான் என்று தெரிந்தது. இன்னொரு வீட்டில் அண்ணன் நிற்பதைக் காணப் பொறுக்காத தம்பி, உப்பு வெட்டுகிற கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டான். சட்டம் கீழே விழுந்தது, அண்ணன் விழவில்லை. வெறும் முதுகோடு திரும்பி வெக்கைக்காட்டுக்குள் நடந்துபோனான். கூப்பிட்டார்கள், மணியடித்தார்கள், அவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு போன சாத்துகளில் உயிரோடு இருந்தவர்கள் அவனை எங்கெங்கோ பார்த்தார்கள். ஒரு தரம் வடக்கே போய்க்கொண்டிருந்தான், ஒரு தரம் தெற்கே, எந்த வாசலுக்கும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தான். அறுத்தால் படுக்கை கிடையாது என்று ஊர் புரிந்துகொண்டது.

இதற்கிடையில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. வெக்கைக்காட்டு வழியில் பழங்காலத்துக் கிணறுகள் இருந்தன, அவற்றில் காற்று ஓயாமல் மணலைக் கொட்டும். முதலில் மணலை வாரிப் போட்டுவிட்டுப் பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்க வேண்டும் என்பது சாத்தின் வழக்கம். வாரியவர்கள் எல்லோரும் தாகம் எடுத்தவர்கள். செத்தவர்களுக்குத் தாகம் இல்லை. வரிசையில் செத்தவர்கள் கூடக்கூட வாருகிற கை குறைந்தது, கிணறுகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன, தூர்ந்த வழியில் உயிரோடு போனவர்களும் செத்துத் திரும்பினார்கள். கடைசியில் கருக்கன் எந்தப் பயணத்தில் செத்தார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அவருக்கு மோர் கொடுத்தார்கள், அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், அப்போதுதான் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது கடைசியாக அவர் ஊரில் பேசியது அந்த மதிலைப் பற்றித்தான். சன்னல் வழியாக வருகிற கைகளில் ஒன்றைத் தற்செயலாகத் தொட்டுவிட்டதாகவும், கையுறைக்குள் சூடு இல்லை என்றும் சொன்னார். அந்தப் பக்கம் குளிர் நாடாக இருக்கும் என்று ஆவுடையார் சொன்னார்.

இப்போது சாத்து முழுக்கச் செத்தவர்கள். பழைய விதி மட்டும் மாறவில்லை. வீட்டுக்கு ஒரு முதுகு. முதுகு கொடுத்த வீட்டுக்குக் குளத்துத் தண்ணீர். செத்தவனை அவிழ்த்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து வேறொருவன் சட்டத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். ஒரு பை தண்ணீர் எவ்வளவு தூரம் வரும் என்று அவனுக்கும் தெரியும், முடிச்சுப் போடுகிறவளுக்கும் தெரியும். யாரும் அதைக் கொலை என்று சொல்லவில்லை. இடம் நிரப்புவது என்று சொன்னார்கள். மேற்கே போய்ப் பிழைத்தால் என்ன என்று கேட்பீர்கள். போனவர்கள் உண்டு. பட்டு வாங்குகிற அதே ஊர்க்காரர்கள், செத்தவனோடு புழங்கியவன் என்று அவர்களுக்குத் தனிக் குவளை வைத்தார்கள், கிணற்றடியில் நிற்கவிடவில்லை, போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

ஊர்க்கோடியில் குருந்தாயி இருந்தாள். அவள் புருஷன் மாசாணன் உயிரோடு இருந்தவரை நடப்பதற்குச் சலித்துக்கொள்கிறவன். பக்கத்து உப்பளத்துக்குப் போகவே யாராவது வண்டி கட்டுகிறார்களா என்று பார்ப்பான், பச்சை வெங்காயத்தை உப்பில் தோய்த்துத் தின்றுகொண்டு நிழலில் கிடப்பான். செத்த பிறகுதான் அவன் உழைப்பாளி ஆனான். அவன் முதலில் செத்து வந்தபோது மகன் பேரையன் தவழ்கிற குழந்தை; இப்போது மீசை அரும்பிவிட்டது, இத்தனை காலமும் மாசாணன் போய் வந்துகொண்டிருந்தான். குருந்தாயி ஒவ்வொரு தடவையும் ஊர்ச் சங்கதிகளை அவன் முதுகுக்குச் சொல்வாள், அவன் பாதங்களைப் பார்ப்பாள். பாதங்கள் தேய்ந்துகொண்டே வந்தன. முதலில் விரல்கள், பிறகு குதிகால், பிறகு கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. எலும்பு முனையில் அவள் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்துக் கட்டினாள், அடுத்த சாத்தில் அந்தத் தோலும் தேய்ந்தது.

பேரையனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவிழ்த்து விடும்மா."

"அவிழ்த்தா?"

"நான் போறேன்."

"அதுக்குத்தான்டா அவிழ்க்கல," என்றாள் குருந்தாயி.

பேரையன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். அப்பாவின் காலைத் தேய்த்துத்தான் தனக்குத் தண்ணீர் வருகிறது என்றால் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்றான். புருஷனா மகனா என்று ஒவ்வொரு பருவத்திலும் குருந்தாயி தனக்குள் கேட்டுக்கொண்டாள், ஒவ்வொரு பருவத்திலும் மகன் என்றே பதில் வந்தது, அந்தப் பதிலுக்காகப் புருஷனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் வீட்டுப் பானைத் தண்ணீரில் பாதி நீலாயிக்குப் போனது. ஒச்சனை அன்றைக்கே அவிழ்த்துப் புதைத்தவளுக்குக் கொடுப்பதற்கு முதுகு ஏது? ஊரில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவள் குருந்தாயி ஒருத்திதான்.

மாசாணனுடைய கடைசிப் பயணத்தில், சாத்து வந்தபோது அவன் வரிசையில் இல்லை. எல்லோரும் வந்து அவரவர் வாசலில் நின்ற பிறகு, வெயில் சாயும் நேரத்தில் தெருவில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. முழங்காலும் போயிருந்தது. முழங்கையை ஊன்றி ஊன்றி, கற்பூர மூட்டை முதுகில் ஆடாமல் இருக்க, அவன் வந்துகொண்டிருந்தான். வாசலுக்கு வந்ததும் வழக்கப்படி எழுந்து முதுகைக் காட்டப் பார்த்தான், விழுந்தான், மறுபடி எழப் பார்த்தான், விழுந்தான். சுமையைக் கீழே படவிடாமல் முகத்தால் விழுந்தான்.

குருந்தாயிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "போதும்யா, போதும்," என்று சொல்லிக்கொண்டே அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். நான் பாவி, உன்னை இப்படி ஆக்கிவிட்டேன் என்று அழுதாள். அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள், கை தானாக அவிழ்த்தது. மாசாணன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிழலில் கிடக்கிற பழைய மாசாணனாகப் படுத்தான். நீலாயி வந்து அவனைக் குளிப்பாட்ட உதவினாள். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

புதைத்த மறுநாள் ஆவுடையார் துக்கம் கேட்க வந்தார். மாசாணன் நல்ல முதுகு என்றார், அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. பிறகு பேரையனைப் பார்த்தார். பேரையன் சட்டத்தைத் துடைத்து வைத்திருந்தான்.

"நான் இடம் நிரப்புறேன்யா," என்றான்.

"நல்ல பிள்ளை," என்றார் ஆவுடையார்.

சாத்து புறப்படுவதற்கு முன்னால், குருந்தாயி குளத்தடியில் ஊரே பானையோடு வரிசையில் நின்ற நேரம் பார்த்து, பானை இல்லாமல் வந்து ஆவுடையார் எதிரே நின்றாள்.

"ஐயா, வீட்டுக்கு ஒரு முதுகுன்னுதானே விதி?"

"ஆமா."

"ஆம்பளை முதுகுன்னு இருக்கா?"

வரிசையில் சலசலப்பு உண்டாயிற்று. பொம்பளை சாத்தில் போவதாவது என்று பின்னாலிருந்து ஒருவர் முனகினார். மீசைக்காரர் ஒருவர் அப்படியானால் எங்களுக்கு முடிச்சை யார் போடுவது என்று கேட்டார், அவர் வீட்டில் மூன்றாம் தலைமுறை நடந்துகொண்டிருந்தது. ஆவுடையார் குளத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"இல்ல," என்றார் மெல்ல. "அப்படி இல்ல. மதில்ல இருக்கிற கைக்கு முதுகு ஆணா பொண்ணான்னு எங்க தெரியப்போவுது? ஆனா உனக்கு முடிச்சுப் போட வீட்டுல பொம்பளை இல்லையே தாயி."

"எம் மகன் போடுவான்."

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. அன்று மாலைக்குள் இன்னும் சில வீடுகளில் மாமியார்களின் முதுகைப் பற்றிப் பேச்சு நடந்தது.

பேரையன் மட்டும் ஏற்கவில்லை. சட்டத்தை எடுத்துக் கூரைமேல் எறிந்தான். நான் கட்டமாட்டேன், என்னைக் கொன்றாலும் கட்டமாட்டேன் என்றான். குருந்தாயி அவன் கத்தி ஓயும்வரை காத்திருந்தாள்.

"நீ கட்டலைன்னா கட்டாமலே போவேன்," என்றாள். "கட்டாமப் போனவங்க விழுந்த எடத்துலயே கெடப்பாங்க, தெரியும்ல? எனக்கு வீட்டுக்கு வரணும் சாமி. உங்கப்பா பக்கத்துல படுக்கணும். நீ கட்டினாத்தான் வருவேன்."

பேரையன் கூரைமேல் ஏறிச் சட்டத்தை எடுத்து வந்து வைத்துவிட்டு, "வந்த அன்னைக்கே அவிழ்த்துருவேன்," என்றான்.

"அவிழ்," என்றாள் குருந்தாயி.

"அவிழ்த்துட்டு நான் போவேன்."

"சரி."

புறப்படுகிற காலையில் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டாள், புதுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள், உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த கயிற்றை எடுத்து அவனிடம் கொடுத்தாள். பிறகு அவன் தலையிலிருந்த துண்டை உருவி அவன் கண்ணைக் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"முடிச்சு பொம்பளைங்க சமாச்சாரம். ஆம்பளை கண்ணு படக்கூடாது. கையால கட்டு, போதும்."

அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று பேரையனுக்குத் தெரியாது. பெண்களின் காரியங்களில் அவனுக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. அவள் திரும்பி நின்று அவனுக்கு முதுகைக் காட்டினாள். இடது பக்கமா எடு என்றாள், இன்னொரு சுத்து என்றாள், கை எங்க நுழையுதோ அங்க நுழை என்றாள், மேலே போ, கீழே வா, இழு, இன்னும் இழு என்றாள். அவன் துண்டுக்குள் அழுதுகொண்டே நுழைத்தான், சுற்றினான், இழுத்தான், எந்தக் கயிறு எதற்கு மேல் போகிறது என்று தெரியாமல் அவள் சொன்னபடியெல்லாம் இழுத்தான். கயிறு தீர்ந்தபோது அவள் ஒரு தரம் தோளைக் குலுக்கிப் பார்த்தாள். அப்புறம் மணிச்சத்தம் கேட்டது. அவன் துண்டை அவிழ்ப்பதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள், செத்தவர்களின் வரிசையில் உயிரோடு இருந்த ஒரே ஆளாக, தண்ணீர்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அந்தக் கோடையில் பேரையன் உப்பளத்தில் வேலை செய்தான், பானை தவறாமல் நிறைந்தது, பாதியை நீலாயிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டி மணல் சரியாமல் கல் அடுக்கி வைத்தான். அம்மாவை அதில் படுக்க வைத்துவிட்டுத் தான் போய்விட்டால் ஒரு கணக்கு முடியும் என்று நினைத்தான். தன் முடிச்சை யார் போடுவார்கள் என்பதை மட்டும் நினைக்கவில்லை, விழுந்த இடத்தில் கிடப்பது அவனுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

சாத்து திரும்பியது. குருந்தாயி வரிசையின் நடுவில் வந்தாள். முகம் கறுத்து ஒட்டியிருந்தது, புதுச் சேலையில் நிறம் இல்லை, ஆனால் நடை நிமிர்ந்த நடை. நேராக வாசலுக்கு வந்து மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பேரையன் முன்னால் போய் அவள் கண்ணிலிருந்த மணலைத் துடைத்தான். "வந்துட்டியாம்மா," என்றான். பிறகு பின்னால் வந்து முடிச்சில் கை வைத்தான்.

கயிற்றின் நுனி அகப்படவில்லை. முடிச்சுக்குள் முடிச்சு, அதற்குள் இன்னொன்று, உப்பு காய்ந்து எல்லாம் ஒன்றாக இறுகியிருந்தது. ஒரு கண்ணியை நெம்பினால் இன்னொன்று இறுகியது. அவன் கைதான் போட்டது, ஆகவே கயிறு அவனை விலக்கவில்லை, ஆனால் வழியும் சொல்லவில்லை. நகம் கிழிந்து விரலில் ரத்தம் வந்தது. நீலாயி வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இது எந்த வீட்டு முடிச்சு?" என்றாள். "இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லையே."

"கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டது அத்தை. அம்மாதான் ஆம்பளை பாக்கக்கூடாதுன்னு கட்டிவிட்டா."

நீலாயி முன்னால் போய்க் குருந்தாயியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படி ஒரு வழக்கம் இல்லப்பா," என்றாள். "முடிச்சு போடுறவ பாத்துத்தான் போடுவா. பாத்தாத்தானே அவிழ்க்க முடியும்?"

பேரையனின் கை முடிச்சின் மேலேயே நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது. அவிழ்த்தால் அவன் போவான் என்று அவளுக்குத் தெரியும், ஆகவே அவனால் என்றைக்கும் அவிழ்க்க முடியாதபடி அவன் கையாலேயே கட்ட வைத்திருக்கிறாள். அவன் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தான், கயிற்றில் வைத்தான், எந்த வாசலும் இல்லாமல் காட்டில் நடந்துகொண்டிருக்கிற அந்த அண்ணனை நினைத்தான், கத்தியைக் கீழே போட்டான். பிறகு தலைத்துண்டை எடுத்துத் தன் கண்ணைத் தானே இறுக்கக் கட்டிக்கொண்டு, இடது பக்கமா எடு, இன்னொரு சுத்து, மேலே போ, கீழே வா என்று அவள் சொன்னதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கடைசியிலிருந்து தொடக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தான். சாத்து ஊரில் தங்கியிருந்த நாளெல்லாம் அவன் அந்த வாசலில் அப்படித்தான் நின்றான். தெருவில் போனவர்கள் அவனுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கிப் போனார்கள். ஆவுடையார் வீட்டிலிருந்து பானை தவறாமல் வந்தது.

மணிச்சத்தம் கேட்பதற்கு முந்தின மாலை அவன் கண்கட்டை அவிழ்த்தான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான், பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான், வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கும்படி விரல் விரலாகத் தடவினான். எல்லா விரலும் இருந்தன, குதிகாலும் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பல வருஷம் நடக்கக்கூடிய கால்.